முதல் நாளில் ஆறு பேர்

2013 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. வாஷிங்டனில் பட்ஜெட் தகராறு முற்றி, மத்திய அரசின் பல அலுவலகங்கள் அன்று காலை பூட்டிக் கிடந்தன. அதே காலையில் அதே அரசு ஒரு புதிய சந்தையின் கதவைத் திறந்தது. ஹெல்த்கேர் டாட் கவ் என்பது அதன் இணைய முகவரி. வேலை செய்யும் இடத்தில் மருத்துவக் காப்பீடு கிடைக்காதவர்கள், 36 மாநிலங்களில் எங்கு வசித்தாலும், இந்த இணையதளத்துக்கு வந்து பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வருமானத்துக்கேற்ற மானியத்தோடு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். 2010இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் மையமே இந்தச் சந்தைதான். மூன்றரை ஆண்டுகளாக நாடு இதைப் பற்றித்தான் வாதிட்டுக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் பார்த்தது வேறு. பாலிசிகளைப் பார்ப்பதற்கு முன்பே கணக்கு தொடங்க வேண்டும் என்றது இணையதளம். பெயர், முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்தாயிற்று. அடுத்தது பாதுகாப்புக் கேள்விகள். பட்டியலிலிருந்து ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுத வேண்டும். அம்புக்குறியைத் தட்டினால் பட்டியல் விரிந்தது, உள்ளே ஒரு கேள்வியும் இல்லை. கேள்வியைத் தேர்ந்தெடுக்காமல் மேலே போகவும் முடியாது. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேறு சிலருக்கு அதுவரைகூடப் போக வாய்க்கவில்லை. கூட்டம் அதிகம், காத்திருங்கள் என்ற அறிவிப்பே திரும்பத் திரும்ப வந்தது.

முதல் 24 மணி நேரத்தில் 47 லட்சம் பேர் வந்தார்கள். அன்று முழுமையாகப் பதிவு செய்து ஒரு பாலிசியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் ஆறு பேர். இரண்டாம் நாள் முடிவில் அது 248 ஆனது. பின்னாளில் நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட உள்கூட்டக் குறிப்புகளிலிருந்து இந்த இரண்டு பதிவு எண்களும் உலகுக்குத் தெரியவந்தன.

இதை ஒரு கணினிக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த வாசலில் நின்றவர்களில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் இருந்தார்கள், சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள், வேலை போனதோடு காப்பீடும் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் அந்த வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது பல பத்தாண்டுக் கதை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள், சம்பளத்துக்குப் பதிலாகச் சலுகைகளைக் காட்டி ஆள் பிடித்தன. மருத்துவக் காப்பீடு அதில் முக்கியமானது. பிறகு வரிச் சட்டமும் அந்தச் சலுகைக்கு வரி இல்லை என்று உறுதி செய்ய, வேலையும் காப்பீடும் ஒரே முடிச்சாகிவிட்டன. வேலை இருந்தால் காப்பீடு உண்டு. சொந்தத் தொழில் செய்பவர், பகுதி நேர வேலைக்காரர், வேலை இழந்தவர் எல்லாம் தனிநபர் பாலிசி தேடி அலைய வேண்டும். அங்கேயோ, பெரும்பாலான மாநிலங்களில், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிட நிறுவனங்களுக்கு உரிமை இருந்தது. காப்பீடு யாருக்கு மிக அவசரமோ அவருக்குத்தான் அது கிடைக்காது. 2012இல் எந்தக் காப்பீடும் இல்லாத அமெரிக்கர்கள் சுமார் 4 கோடியே 80 லட்சம் பேர்.

இப்படி ஒரு பெரிய திட்டத்தை ஒரே நாளில் திறந்துவைக்கும் பொறுப்பு அமெரிக்க அரசுக்குப் புதிதல்ல. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேர் சட்டத்தில் அதிபர் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று கையெழுத்திட்டார். மிசௌரியில் முன்னாள் அதிபர் ட்ரூமனின் ஊருக்கே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டார். திட்டம் 1966 ஜூலை 1 அன்று தொடங்க வேண்டும். கையில் இருந்தது 11 மாதம்தான். கணினி என்றால் அன்றைக்குத் துளையிட்ட அட்டைகளை விழுங்கும் பெரிய இயந்திரம்.

பொறுப்பு சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் போனது. அதன் ஆணையர் ராபர்ட் பால் அந்த அலுவலகத்திலேயே கீழ்ப்படியில் தொடங்கி மேலே வந்தவர். ஓய்வூதியம் வழங்கும் வேலையால் முதியவர்களின் பெயர், முகவரி எல்லாம் அந்த நிர்வாகத்திடம் ஏற்கெனவே இருந்தன. நாடெங்கும் கிளை அலுவலகங்களும் இருந்தன. தபாலில் அட்டைகள் போயின. மாதம் 3 டாலர் கட்டினால் டாக்டர் கட்டணத்துக்கும் காப்பீடு உண்டு, சேர்கிறீர்களா என்று கேட்டன. பதில் வராதவர்களைத் தேடி ஆட்கள் போனார்கள். ‘மெடிகேர் அலெர்ட்’ என்ற பெயரில் முதியவர்களையே வேலைக்கு எடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். காடுகளில் தனியே வசித்த கிழவர்களைக் கண்டுபிடிக்க வனக் காவலர்களைக்கூட அனுப்பினார்கள். அதோடு இன்னொரு பெரிய வேலையும் நடந்தது. நிறப்பாகுபாடு காட்டும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. ஆய்வாளர்கள் தெற்கு மாநிலங்களின் மருத்துவமனைகளுக்குப் போய் வார்டு வார்டாகப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகளாக வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பருக்கு ஒரு வார்டு என்று நடத்தியவர்கள் சில மாதங்களில் சுவர்களை எடுக்க வேண்டி வந்தது. 

ஜூலை 1 வந்தது. 1 கோடியே 90 லட்சம் பேரோடு திட்டம் தொடங்கியது. மருத்துவமனைகள் திணறும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு திணறலும் நடக்கவில்லை. தகுதியுள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்த 3 டாலர் பகுதியிலும் சேர்ந்திருந்தார்கள்.

1966இல் வேலை எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று திட்டம் ஒன்று, அதை நடத்தும் அலுவலகம் ஒன்று, தலைமை ஒன்று. 65 வயது ஆகிவிட்டதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். 2013இன் சந்தைக்கு அந்த வசதி எதுவும் இல்லை.

சந்தை என்ற யோசனைக்கு முன்மாதிரி மாசசூசெட்ஸ். 2006 ஏப்ரல் 12 அன்று பாஸ்டனின் பழம்பெரும் ஃபனெயில் மண்டபத்தில், குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜனநாயகக் கட்சியின் மூத்த செனட்டர் எட்வர்டு கென்னடி கூடவே இருந்தார். எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும், ஏழைகளுக்கு அரசு மானியம் தரும், பாலிசிகளை ஒரே இடத்தில் அடுக்கிக் காட்ட ‘கனெக்டர்’ என்ற அமைப்பு இருக்கும் என்றது சட்டம். மானியம் பெறும் ஏழைகளுக்கு முதலில், மற்றவர்களுக்கு அடுத்த ஆண்டு என்று கதவை அவர்கள் படிப்படியாகத் திறந்தார்கள். அது ஓரளவு நன்றாகவே ஓடியது. அதைப் பார்த்துத்தான் நாடு முழுமைக்குமான சட்டம் எழுதப்பட்டது.

2010 மார்ச் 23 அன்று கையெழுத்தான அந்தச் சட்டம் ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. மாநிலங்கள் தங்கள் சந்தைகளைத் தாங்களே கட்டிக்கொள்ளும், செய்யாத ஒன்றிரண்டு மாநிலங்களுக்கு மட்டும் மத்திய அரசு கட்டித் தரும் என்பது அது. அதனால் மாநிலங்களுக்கு மானியம் தாராளமாக ஒதுக்கப்பட்டது. மத்திய அரசு தானே கட்ட வேண்டிய சந்தைக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்த மொத்தமாக 100 கோடி டாலர் மட்டும் தந்திருந்தார்கள். 

நம்பிக்கை பொய்த்தது. சட்டம் செல்லுமா என்று வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் 2012 ஜூன் 28 அன்றுதான் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகும் பல மாநிலங்கள் நவம்பரில் நடக்கவிருந்த அதிபர் தேர்தலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தன. ஒபாமா தோற்றால் சட்டமே போய்விடும், அதற்குள் ஏன் வேலை தொடங்க வேண்டும் என்ற கணக்கு. மத்திய அரசும் தன் பங்குக்குத் தயங்கியது. ஒவ்வொரு பாலிசியிலும் எந்தெந்தச் சிகிச்சை கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதியின் வரைவே தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. மாநிலங்கள் முடிவைச் சொல்ல வேண்டிய கெடு டிசம்பர் 14க்குத் தள்ளிப் போனது. கடைசியில் 14 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே சொந்தமாகக் கணினி அமைப்பைக் கட்டித் திறந்தன. மீதி 36 மாநிலங்களின் பாரமும் மத்திய அரசின் ஒரே இணையதளத்தின் தலையில் விழுந்தது. கதவு திறக்க அப்போது பத்து மாதம்கூட இல்லை.

அந்த இணையதளம் செய்ய வேண்டிய வேலையையும் பார்க்க வேண்டும். ஒரு பெண் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லும் அடையாள எண் சரியா என்று சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வருமானம் எவ்வளவு என்று வரித் துறையிடம் கேட்க வேண்டும். குடியுரிமை பற்றி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் விசாரிக்க வேண்டும். அவர் ஏழைகளுக்கான மெடிகெய்டுக்குத் தகுதியானவரா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மானியம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அவர் ஊரில் விற்கும் பாலிசிகளை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்துக் காட்ட வேண்டும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அந்தத் தகவலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிழையில்லாமல் அனுப்ப வேண்டும். இத்தனையும் அவர் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே நடக்க வேண்டும்.

இந்த வேலை மெடிகேரையும் மெடிகெய்டையும் நடத்தும் சிஎம்எஸ் என்ற அமைப்பிடம் இருந்தது. முதலில் சுகாதாரத் துறை அமைச்சரின் நேரடிப் பார்வையில் ஒரு தனி அலுவலகம் இதற்காகத் தொடங்கப்பட்டது. 2011 தொடக்கத்தில் அதை சிஎம்எஸ்ஸுக்குள் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு கொள்கை எழுதுபவர்கள் ஒரு பக்கம், கணினி ஆட்கள் ஒரு பக்கம், ஒப்பந்தம் போடுபவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றார்கள். 2011 செப்டம்பரில் இணையதளத்தைக் கட்டும் ஒப்பந்தம் சிஜிஐ ஃபெடரல் என்ற நிறுவனத்துக்கும், துறைகளை இணைக்கும் தகவல் மையத்தின் ஒப்பந்தம் கியூஎஸ்எஸ்ஐ என்ற நிறுவனத்துக்கும் போயின. மொத்தத்தில் 60 ஒப்பந்தங்கள். அத்தனை நூல்களையும் சேர்த்து நெய்யும் தலைமை நெசவாளர் யார்? நிறுவனங்கள் அது சிஎம்எஸ் என்றன. சிஎம்எஸ்ஸுக்குள் அது இன்னார் என்று ஒருவரைக் காட்ட முடியவில்லை. சிஜிஐயின் பணி ஆணை 5 கோடியே 60 லட்சம் டாலரில் தொடங்கி, 2014 பிப்ரவரியில் 20 கோடியே 90 லட்சத்தைத் தாண்டியது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பின்னர் கணக்கிட்டது.

எச்சரிக்கை வராமல் இல்லை. 2013 வசந்தத்தில் மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் திட்டத்தைப் பார்வையிட்டு மேலிடத்துக்கு விளக்கம் தந்தது. வடிவமைப்பு, கட்டுமானம், சோதனை மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, முழுச் சோதனைக்கு நேரம் போதாது, முதல் நாளிலேயே முழுக் கூட்டத்துக்கும் கதவைத் திறக்கிறீர்கள் என்றது. ஏப்ரலில் செனட்டர் மேக்ஸ் பாக்கஸ் அமைச்சர் கேத்லீன் செபிலியஸின் முகத்துக்கு நேரே, பெரிய ரயில் விபத்து ஒன்று வந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன் என்றார். பாக்கஸ் இந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர். ஜூனில் தணிக்கை அமைப்பு, அக்டோபருக்குள் எல்லாம் சீராக முடியுமா என்று இப்போதே சொல்ல இயலாது என்று அறிக்கை தந்தது. ஆகஸ்டில் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இன்னொன்றைச் சுட்டியது. தகவல் மையத்தின் பாதுகாப்புச் சோதனைகள் தள்ளித் தள்ளிப் போய், ஒப்புதல் தேதி செப்டம்பர் 30இல் வந்து நிற்கிறது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள்.

செப்டம்பர் 27 அன்று சிஎம்எஸ்ஸின் தலைவர் மர்லின் டவெனர் இயக்க அனுமதியில் கையெழுத்திட்டார். முழு அமைப்பையும் சேர்த்துப் பாதுகாப்புச் சோதனை முடியவில்லை, அதனால் ஆபத்து உண்டு என்று அந்த அனுமதிக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. பாலிசிகளைக் கணக்கு தொடங்காமலே பார்வையிடும் வசதி ஒன்று முதலில் திட்டத்தில் இருந்தது. அது தயாராகவில்லை என்று கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். சும்மா விலை விசாரிக்க வந்தவர்கள்கூட, அந்த ஒரே ஒரு கணக்குத் தொடங்கும் வாசலில் முட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. சில ஆயிரம் பேர் வந்தாலே திணறியிருக்கக்கூடிய அந்த வாசலுக்கு அக்டோபர் 1 அன்று ஒரே நேரத்தில் 2.5 லட்சம் பேர் வந்தார்கள். தளத்தைத் திட்டமிட்டது சுமார் 50,000 முதல் 60,000 பேருக்கு.

கூட்டத்தால் மட்டுமே நின்றுபோனது என்று முதலில் சொன்னார்கள். கூட்டம் கலைந்தபின்னும் தளம் எழுந்து நிற்கவில்லை. தொலைபேசியில் விண்ணப்பிக்கலாம், காகிதத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் தொலைபேசியை எடுத்த ஊழியரும், காகிதத்தைப் பிரித்த ஊழியரும் கடைசியில் அதே இணையதளத்தில்தான் விவரங்களை ஏற்ற வேண்டும். எல்லோரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். அப்படியும் உள்ளே போன சிலருடைய விவரங்கள் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகும்போது சிதைந்தன. கணவன் பிள்ளையாகவும், ஒரே ஆள் இரண்டு முறையாகவும் பதிவான பட்டியல்கள் போயின. தகவல் மையம் மட்டும் பெருமளவு சொன்னபடி வேலை செய்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் முழுவதும் சேர்த்து 36 மாநிலங்களிலும் இந்தத் தளம் வழியாகப் பாலிசி தேர்ந்தெடுத்தவர்கள் 26,794 பேர்.

அக்டோபர் பிற்பகுதியில் அதிபர் மாளிகை நிர்வாகத் திறமைக்குப் பேர்போன ஜெஃப்ரி ஸையன்ட்ஸைப் பொறுப்பில் வைத்தது. மாளிகையின் தொழில்நுட்ப அதிகாரி டாட் பார்க் சிலிக்கன் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்களைத் திரட்டினார். கூகுளில் தளங்களை விழாமல் காக்கும் வேலை பார்த்த மைக்கி டிக்கர்சன் வந்தார். பார்க்கின் அலுவலகத்திலிருந்து ரயன் பஞ்சாட்சரம் வந்தார். பெயரைப் படித்ததும் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று பார்ப்பார். வந்தவர்கள் முதலில் கேட்டது, தளம் இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்று காட்டும் பலகை எங்கே என்பது. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்று ஒரே பார்வையில் சொல்ல அங்கே எதுவும் இல்லை. நோயாளி படுத்திருக்கிறார், காய்ச்சல் பார்க்கும் கருவி இல்லை என்பது போன்ற நிலை. சில மணி நேரத்தில் அவர்களே ஒரு பலகையைத் தயாரித்து மாட்டினார்கள்.

பிறகு எளிய கோளாறுகள் தெரியத் தொடங்கின. திரும்பத் திரும்பத் தேவைப்படும் தகவலை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தின் அடி ஆழம்வரை போய்த் தேடிக்கொண்டிருந்தது தளம். அடிக்கடி எடுக்கும் மிளகாய்த்தூளை அடுப்பு மேடையில் வைக்காமல், ஒவ்வொரு தாளிப்புக்கும் பரணில் ஏறி இறங்குவது மாதிரி. அந்தத் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் சேமித்து வைக்கும் முறைக்கு கேச் என்று பெயர். எந்தப் பெரிய தளத்திலும் முதல் பாடம் அது. அதைச் செய்ததும் 8 நொடியில் திறந்த பக்கம் 2 நொடியில் திறந்தது.

மேரிலாந்தின் கொலம்பியா நகரில் எல்லா நிறுவனங்களின் பொறியாளர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஞாயிறு உட்பட நாள்தோறும் இரண்டு முறை கூட்டம். டிக்கர்சன் அங்கே மூன்று விதிகளை எழுதி மாட்டினார். ஒன்று, இந்த அறை பிரச்சினையைத் தீர்க்க. பழியைத் தள்ளிவிட வேறு இடங்கள் நிறைய உண்டு. இரண்டு, பேச வேண்டியவர் விஷயம் அதிகம் தெரிந்தவர். பதவியில் பெரியவர் அல்ல. மூன்று, அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நம்மைத் தாக்கப்போவது எதுவோ அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

இரண்டாம் விதியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர்களில் பெரும்பாலோர் முதலிலிருந்தே இந்த வேலையைச் செய்துவந்தவர்கள்தான். வெளியிலிருந்து வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். எது உடைந்திருக்கிறது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததைச் சொல்ல ஓர் இடமும், சொன்னதைக் கேட்டு உடனே முடிவெடுக்க ஒருவரும் இல்லாததுதான் மூன்று ஆண்டுகளின் குறை. தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016இல் வெளியிட்ட நீண்ட ஆய்வும் இதையே சொன்னது. தோல்விக்குப் பல காரணங்களைப் பட்டியலிட்ட அது, எல்லாவற்றிலும் முக்கியமானது தெளிவான தலைமை இல்லாதது என்றது.

டிசம்பர் 1 அன்று சிஎம்எஸ் கணக்குக் காட்டியது. 400க்கு மேற்பட்ட பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. பக்கம் ஒரு நொடிக்குள் திறந்தது. 50,000 பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க முடிந்தது. கூட்டம் அதற்கும் மிஞ்சினால் வரிசையில் நிறுத்தி, பிறகு வரச்சொல்லி மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு இருந்தது.

சொந்தச் சந்தை கட்டிய மாநிலங்களின் கதை இன்னும் பலவிதம். ஆரெகன் மாநிலம் உற்சாகமாகத் தொடங்கியது. பாட்டும் படமுமாக விளம்பரங்கள் செய்தது. மத்திய அரசின் பணம் பெருமளவில் செலவாகியும், ஒருவர்கூட முதலிலிருந்து கடைசிவரை இணையத்திலேயே பதிவு செய்ய முடியவில்லை. நூற்றுக்கணக்கான ஊழியர்களை அமர்த்திக் காகித விண்ணப்பங்களைக் கையால் பார்த்தார்கள். 2014 ஏப்ரலில் தன் கடையை மூடிக்கொண்டு மத்திய அரசின் தளத்துக்கே போக முடிவெடுத்தது ஆரெகன். நாட்டுக்கே வழிகாட்டிய மாசசூசெட்ஸ்கூட, புதிய சட்டத்துக்கேற்பத் தன் பழைய சந்தையை மாற்றியமைக்கும்போது இடறியது. மேரிலாந்து தன் அமைப்பைக் கைவிட்டு கனெக்டிகட்டின் மென்பொருளை எடுத்துக்கொண்டது.

கனெக்டிகட் என்ன செய்தது? தேதிக்குள் எது முடியாது என்று முன்கூட்டியே உட்கார்ந்து பட்டியல் போட்டது. முடியாதவற்றைத் துணிந்து வெட்டியது. மீதியைச் சோதித்துப் பார்த்துத் திறந்தது. கென்டக்கி இன்னும் எளிமையாகப் போனது. அங்கே ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் சட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். ஒபாமாவுக்கு வாக்களிக்காத அந்த மாநிலத்தில் அது சின்ன முடிவு அல்ல. ‘கைனெக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். கணக்கு தொடங்காமலே பாலிசிகளைப் பார்க்கலாம். பகட்டான படங்கள் இல்லை, பழைய கணினியிலும் திறக்கும். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மேசை போட்டு உட்கார்ந்து, மக்களுக்கு விளக்கினார்கள். கென்டக்கியில் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக கேலப் கருத்துக்கணிப்பு 2014இல் காட்டியது. பிறகு வந்த ஆளுநர் கைனெக்டை மூடினார். அவருக்குப் பின் ஆளுநரான பெஷியரின் மகன் ஆன்டி அதைத் திரும்பத் திறந்தார்.

முதல் ஆண்டுப் பதிவின் கடைசி நாள் 2014 மார்ச் 31. அன்று விடியற்காலையில் தளம் மறுபடி சில மணி நேரம் படுத்துக்கொண்டது. சரிசெய்ததும் வந்த கூட்டத்தில் ஒரே நேரத்தில் லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். கடைசி நாள் கூட்டத்துக்குக் கொடுத்த கூடுதல் அவகாசமும் முடிந்தபோது மாநிலச் சந்தைகளையும் சேர்த்துப் பாலிசி தேர்ந்தெடுத்தவர்கள் 80 லட்சம் பேர். அவர்களில் 54 லட்சத்துக்கு மேற்பட்டோர் மத்திய அரசின் தளத்தில் வந்தவர்கள். அந்த ஏப்ரலில் செபிலியஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். அக்டோபர் இறுதியில் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, இதற்கு நானே பொறுப்பு என்று சொன்னவர் அவர்.

கொலம்பியாவின் கூடத்தில் நடந்த வேலை அதோடு நிற்கவில்லை. 2014 ஆகஸ்டில் அரசுக்குள்ளேயே அமெரிக்க டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு தொடங்கியது. அதன் முதல் தலைவர் மைக்கி டிக்கர்சன். வெற்றியோடு திறந்த கனெக்டிகட் சந்தையின் தலைவர் கெவின் கௌனிஹன் மத்திய அரசின் சந்தைக்குத் தலைமை ஏற்க வந்தார். கணக்குத் தொடங்கும் அந்த முதல் வாசலை இளம் பொறியாளர்கள் சிலர் புதிதாக எழுதினார்கள். 76 திரைகளைக் கடக்க வேண்டியிருந்த விண்ணப்பத்தைப் பெரும்பாலோருக்கு 16 திரைகளாகச் சுருக்கினார்கள்.

இரண்டாம் ஆண்டுக்கான கதவு 2014 நவம்பர் 15, சனிக்கிழமை அன்று திறந்தது. அதற்குச் சில நாள் முன்பே, கணக்கு தொடங்காமல் பாலிசிகளைப் பார்க்கும் வசதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு கடைசி நேரத்தில் கைவிட்ட அதே வசதி. மறுநாள் புதிய அமைச்சர் சில்வியா பர்வெல் தொலைக்காட்சியில் முதல் நாள் கணக்கைச் சொன்னார். 5 லட்சம் பேர் உள்ளே வந்து லாகின் செய்திருந்தார்கள். 1 லட்சம் பேர் தங்கள் விண்ணப்பத்தை முடித்து அனுப்பியிருந்தார்கள்.